தண்ணீர் கலந்த பாலும் ஆராய்ச்சிப் பணமும்

சுகாதார அமைச்சு, உயர்கல்வி அமைச்சு, அறிவியல் தொழில்நுட்பப் புத்தாக்க அமைச்சு ஆகியவற்றில் மருத்துவ ஆராய்ச்சிக்கு மானியம் ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. நெகிரி செம்பிலான், பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக இருந்தவன். இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. லயத்து ஆட்களில் பாதிப் பேர் பகாவ் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களில் சின்னச் சின்ன வீடுகளில் இருக்கிறோம்.

என் வேலை ரப்பர் பால் நிறுப்பது. காலை பதினொரு மணிக்கு மேல் வாளி வாளியாகப் பால் ஸ்டோருக்கு வரும். தராசில் ஏற்றி எடையைப் புத்தகத்தில் எழுதினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருவர் பாலிலும் ஒரு கரண்டி எடுத்து, ஆசிட் விட்டுக் கட்டியாக்கி, நசுக்கித் தகடாக்கி, காயவைத்து, மறுபடியும் நிறுக்க வேண்டும். அந்த வாளியில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். நல்ல மரத்துப் பாலிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மழைநாளில் இன்னும் குறையும். ஆற்றுத் தண்ணீரை ஊற்றி எடையைக் கூட்டும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஒரு தடவை ஒருவர் கொண்டுவந்த வாளியில் குட்டி மீன் ஒன்று செத்து மிதந்தது. "மரத்துல மீன் ஏறுச்சாய்யா?" என்று மண்டோர் (கங்காணி) கேட்டது இன்றைக்கும் எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் ஓடும் கதை.

அந்த மீன் ஞாபகத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் பணம் கொடுக்கும் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று ஆராயவும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான்.

ஆறேழு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு பல்கலைக்கழகக் குழு வந்து மேசை போட்டது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. இனிப்புநீரும் (நீரிழிவும்) சிறுநீரகமும் பற்றிய ஆய்வு என்றார்கள். நியாயமான ஆய்வுதான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதிலும் இந்தியர்களிடம்தான் மிக அதிகம் என்று வந்ததே. முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வயசானவர்கள் வெறும் வயிற்றோடு பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று குழாய் ரத்தம்: ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி. அப்புறம் பதினொரு பக்கப் படிவம், மலாயில். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் பழம் சாப்பிட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி. எங்கள் லயத்துப் பாட்டி ஒருத்தி யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை சாமிக்கு வாழப்பழம் வச்சேன். அதுல பாதிய பேரன் தின்னுட்டான். அது கணக்கா, தம்பி?" என்றாள். நான் அதை அப்படியே மலாயில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த மாணவி சிரித்தாள், கட்டத்தில் '1' என்று போட்டாள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

போகும்போது ஆளுக்கு ஒரு துணிப்பை, ஒரு மைலோ பாக்கெட். முடிவு இரண்டு மாதத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. ஆறு மாதம் கழித்துப் படிவத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். அந்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாராம். மேற்பார்த்தவர் வேறிடம் மாறிவிட்டாராம். மானியமும் முடிந்துவிட்டதாம். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருஷம் வேறொரு பல்கலைக்கழகம் வந்தது. அதே மண்டபம், ஏறக்குறைய அதே கேள்விகள், இந்த முறை மைலோவுக்குப் பதில் பிஸ்கட். முன்பு வந்தவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு குழு வந்ததே இவர்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் கொடுத்த மானியத்தில் நடந்த வேலைகள் இவை. உங்கள் கணக்கில் இரண்டும் முடிந்த ஆய்வுகளாகத்தான் இருக்கும். கட்டுரையும் வந்திருக்கலாம். அந்த '1' ஏதாவது ஓர் அட்டவணையில் உட்கார்ந்திருக்கலாம். அதில் ரப்பர் எவ்வளவு என்று காயவைத்துப் பார்த்தது யார்?

என் அக்கா மகள் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். புற்றுநோய்ச் செல்களோடு அவள் பாடு. வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றில் இருந்த சோதனையை அடிப்படையாக வைத்துத் தன் வேலையைத் தொடங்கினாள். அந்த முதல் சோதனையே வரவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து ஒரு வருஷம் திரும்பத் திரும்பச் செய்தாள். கடைசிவரை வரவில்லை. "வரலைன்னு எழுதிப் போட வேண்டியதுதானே?" என்றேன். "அத எந்தப் பத்திரிகையும் போடாது மாமா. திரும்பச் செஞ்சு பாக்குறதுக்குக் காசு கேட்டா, இதுல புதுமை என்னன்னு கேப்பாங்க. எங்களுக்கு எத்தன கட்டுரை போட்டோம்னுதான் கணக்கு" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாளியோடு நிறுக்கிறார்கள்.

அவள் ஒருத்தியின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆம்ஜென் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம், பேர்போன 53 புற்றுநோய் ஆய்வுகளைத் தன் கூடத்தில் திரும்பச் செய்து பார்த்தது. ஒத்துவந்தவை 6 என்று 2012இல் வெளியே சொன்னார்கள். அதற்குப் பிறகு வேறொரு குழு இதையே ஒரு தனித் திட்டமாக எடுத்து, 193 சோதனைகளைத் திரும்பச் செய்யக் கிளம்பியது. 2021இல் கணக்கை முடித்தபோது 50தான் செய்ய முடிந்திருந்தது. கட்டுரையில் செய்முறை முழுசாக எழுதப்படவில்லை. எழுதியவர்களைக் கேட்டால் சிலர் பதிலே போடவில்லை. செய்து முடித்தவற்றிலும், முதலில் சொன்ன விளைவைவிடத் திரும்பக் கிடைத்தது பெரும்பாலும் மிகச் சின்னது. இதையெல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல மரத்துப் பாலிலேயே தண்ணீர் உண்டு என்றுதான் முதலிலேயே சொன்னேனே. எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க ஆள் போடாததுதான் என் குறை.

நம் நாட்டுக்கு இது புதிதா என்றால், இல்லை. சொல்லப்போனால், திரும்பச் செய்து பார்க்கும் இந்த வேலையை இந்த மாநிலத்திலேயே நூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையில் எங்கள் வீட்டுச் சோற்றுப்பானைக்கும் பங்கு உண்டு.

அப்போது மலாயாவில் பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) வேலை செய்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் சாப்பிட்டது தீட்டின வெள்ளையரிசி. அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகத்தான் வந்தது. நம்மவர்கள் தின்றது புழுங்கலரிசி. (மலேரியாவும் கொக்கிப்புழுவும் நம்மவர்களை வேறு பக்கம் வாரிக்கொண்டு போயின, அது தனிக் கதை.) நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். 1907இல் புத்தகமே எழுதினார். அரிசிதான் காரணம் என்றார், அது சரி. தீட்டின அரிசியில் பூசணம் பிடித்து விஷம் சேருகிறது என்றார், அது தப்பு.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். பிராடன் சொல்லிவிட்டார் என்று யாரும் சும்மா இருக்கவில்லை. 1905இலேயே வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் சொல்லவைத்தார். ஒற்றைப்படைக்கு ஒரு கட்டடம், வெள்ளையரிசி. இரட்டைப்படைக்கு இன்னொரு கட்டடம், இந்தியப் புழுங்கலரிசி. வெள்ளையரிசி தின்றவர்களுக்கு நோய் வந்தது, சிலர் இறந்தார்கள். கட்டடத்தில்தான் ஏதோ கோளாறோ என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், நடுவில் இரண்டு கூட்டத்தையும் கட்டடம் மாற்றிப் போட்டார். அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. அந்தப் பாவத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதோடும் நிற்கவில்லை. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கின மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்று இரண்டு பேர் கிளம்பி ஜெலபு காட்டுக்கு வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஜெலபு அப்படி ஒன்றும் தூரமில்லை. ரோடு போட வந்திருந்த ஜாவாக்காரர்கள் ஏறக்குறைய 300 பேர். ஒரு கூட்டத்துக்கு வெள்ளையரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல். வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியதும் அரிசியை மாற்றினார்கள். நோயும் அரிசியோடு சேர்ந்து கூட்டம் மாறியது. அதற்குப் பிறகு கோழிகளை வைத்துப் பார்த்து, விஷம் எதுவும் சேரவில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று காட்டினார்கள். வைட்டமின் என்ற வார்த்தை பிறந்ததே 1912இல்தான். இன்று அந்தச் சத்தை பி1 என்கிறோம்.

இப்போது சொல்லுங்கள். ஃபிரேசரும் ஸ்டான்டனும் இன்று உங்களிடம் விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும்? "கோலாலம்பூரில் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று, இதில் புதுமை இல்லை" என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள். என் அக்கா மகளுக்கு வந்த பதில் கிட்டத்தட்ட அதுதான்.

ஓரிடத்தில் சரியானது இன்னோரிடத்தில் சரியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் சதுப்பை வடித்து மலேரியாவை விரட்டினார். அதே வேலையை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடிவிட்டது. தாழ்நிலத்துக் கொசு நிழலான சேற்றில் முட்டையிடுவது. மலையில் இருந்தது வேறு கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்குப் பிடிக்கும். காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டது நாமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. வாட்சன் அதை மறைக்காமல் எழுதினார், மலைக்கு வேறு வழி தேடினார். வெளிநாட்டில் வெளிநாட்டு உடம்பில் சோதித்த முடிவை எங்கள் ஊர்க் கிளினிக்கில் அப்படியே எடுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த ஓடைக் கொசு ஞாபகம் வருகிறது.

நீப்பா வைரஸ் நோயை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கியது. கொசுவால் பரவி, பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரிய ஆட்கள், தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். விற்ற பன்றிகளோடு நோய் எங்கள் மாநிலத்துப் புக்கிட் பெலாண்டோக் வரைக்கும் வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் அந்தப் புது வைரஸைப் பிரித்தெடுத்தபோது 1999 மார்ச். மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேலான பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். வைரஸைப் பற்றி அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆராய்ச்சி. முதல் ஊகத்தை விட்டு வெளியே வர ஏன் ஐந்தாறு மாதம் பிடித்தது, சந்தேகப்பட்டவர்களின் குரல் எந்த மேசையில் நின்றது, அடுத்த முறை அது நிற்காமல் இருக்க என்ன செய்யலாம்? இதுவும் ஆராய்ச்சிதான். இதற்குக் காசு எந்தத் தலைப்பில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு தலைப்பே இல்லை.

நான் கேட்பது அந்தத் தலைப்பைத்தான். மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் ஒரு வெள்ளியை, அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று ஆராயத் தனியாக எடுத்து வையுங்கள்.

"டயாலிசிஸ் செய்யவே ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, ஆராய்ச்சிய ஆராயறதுக்குக் காசா?" என்று ஒட்டுக்கடையில் ஒரு நண்பர் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் கோபத்துக்கு முன்னால் நான் என்ன பேசுவது? ஒன்றுதான் சொன்னேன். உன் வீட்டுக்காரிக்கு எந்த மருந்து பத்து வருஷத்துக்கு முன்பே உதவியிருக்கும் என்று கண்டுபிடிக்கத்தானே அன்றைக்கு மண்டபத்தில் மூன்று குழாய் ரத்தம் கொடுத்தாள், அது எங்கே போனது என்று உனக்குத் தெரியுமா? அவர் தே தாரிக்கைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். என் வாதத்தை ஒப்புக்கொண்டாரா, என்மேல் கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வெள்ளியில் என்ன செய்யலாம் என்கிறீர்களா? தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பதிந்தவற்றில் எத்தனை முடிந்தன, எத்தனை பாதியில் நின்றன, எத்தனையின் முடிவு வெளியே வந்தது, எத்தனையில் ரத்தம் கொடுத்தவருக்குப் பதில் போனது என்று இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தால் போதும். கிராணி வேலைதான். பார்த்ததை எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிடுங்கள். அதில் மானம் போகும் என்று பயந்தால் வேலைக்காகாது.

திரும்பச் செய்து பார்க்கும் ஆய்வுக்கென்றே கொஞ்சம் மானியம் வேண்டும். எங்கள் தொழிலில் இது பழைய வழக்கம். ரப்பர் ஏற்றுமதியில் பிடித்த வரியில்தான் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் பிறந்தது. ஒரு புது ரகத்தை ஒரு தோட்டத்தில் பார்த்துவிட்டு நடு என்று அவர்கள் சொன்னதில்லை. பல தோட்டங்களில், பல மண்ணில், வருஷக்கணக்காக வெட்டிப் பார்த்துதான் சிபாரிசு செய்தார்கள். மரத்துக்குக் காட்டிய பொறுமையை மனுஷனுக்கும் காட்டலாம்.

மானியம் கொடுக்கும் முறையையும் சோதித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 2012இல் ஒரே ஒரு மருத்துவ மானியச் சுற்றுக்கு 3,727 விண்ணப்பங்கள். அவற்றை எழுத ஆராய்ச்சியாளர்கள் செலவழித்த நேரத்தைக் கூட்டினால் 550 வருஷ உழைப்பு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013இல் ஒருவகைச் சிறு மானியத்துக்குச் சீட்டுக் குலுக்கத் தொடங்கியது. முதலில் தகுதி பார்த்தார்கள், தேறியவற்றைக் குலுக்கிப் போட்டார்கள். கூட்டுப்பணம் கட்டிச் சீட்டுக் குலுக்கும் நம் பெண்களுக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. குலுக்கல் நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பாதி மானியத்தைப் பழைய முறையிலும் பாதியைக் குலுக்கியும் கொடுத்து ஐந்து வருஷம் கழித்து ஒப்பிடுங்கள் என்கிறேன். ஒற்றைப்படை, இரட்டைப்படை. பிளெட்சர் செய்ததுதான். பிரிட்டிஷ் அரசாங்கம் 2024இல் இந்த மாதிரி வேலைக்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் திறந்திருக்கிறது.

ஒரு நிபந்தனை. மானியம் கொடுப்பவரே இதையும் பார்க்கக் கூடாது. எங்கள் தோட்டத்துக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை தோட்டத்தைச் சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து விசிட்டிங் ஏஜெண்டு வருவார். அவர் கார் தெரிந்தால் துரையே தொப்பியைச் சரி செய்துகொள்வார். அப்படி ஒரு கார் வேண்டும். அதில் ஓர் இடம் எங்களைப் போன்ற ஊர்க்காரர் ஒருவருக்கும் வேண்டும். பழக் கேள்வியில் என்ன கோளாறு என்று பாட்டியிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

2020 கணக்கில் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காடுகூட இல்லை. 2030க்குள் அதை 3.5 விழுக்காடாக்குவது இலக்கு என்றீர்கள். அப்படிப் பணம் கூடி வருமானால், வாளி பெரிதாவதற்கு முன் தராசைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு விஷயம். அன்று மண்டபத்தில் ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்களை, பழக்க தோஷம், ஒரு பழைய செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) புத்தகத்தில் எழுதி வைத்தேன். அறுபத்து மூன்று பெயர். வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு எதிரே ஒரு புள்ளி, விடியற்காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அதைச் சொல்லாமல் இருந்த நாலு பேருக்கு எதிரே ஒரு சுழி. அவர்கள் என்னிடம் மட்டும் சொன்னார்கள், வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. இன்றைய கணக்கில் பதினாலு பேர் இல்லை. பழக்கணக்குக் கேட்ட பாட்டியும் அதில் ஒருத்தி. மிச்சம் நாற்பத்தொன்பது பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஆய்வு என்ன ஆனது என்று தேட நீங்கள் ஓர் ஆளை அனுப்பினால், அவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கேட்டு, சரி என்றவர்களின் பெயர்களைத் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையாக வரச் சொல்லுங்கள். மண்டபச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி,
பகாவ், நெகிரி செம்பிலான்